செலிந்தோவின் வாயும் வேலி தாண்டிய பரங்கிக்காயும்

செலிந்தோ ப்ரெகால்டா தன்னைப் பற்றித் தானே கோள் சொல்கிற மனிதர். தன்னிடம் ஒரு தப்பு இருப்பது தெரிந்துவிட்டால், அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கும்வரை அவருக்குச் சோறு இறங்காது. ஆள் கிடைத்துச் சொல்லி முடித்ததும் முகம் தெளிந்து, எங்கள் மலையின் மக்காச்சோளக் களியான பொலென்டா இரண்டு தட்டு சாப்பிடுவார். கேட்டவருக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அவருடைய கல்யாணத்தில் நான் இருந்தேன். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று பாதிரியார் வழக்கம்போலக் கேட்டார். எங்கள் சிற்றாலயத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் வாயைத் திறந்ததில்லை. அன்றைக்கு மாப்பிள்ளையே கையைத் தூக்கினார்.

"சாமி, எனக்குக் குறட்டை உண்டு. மாடுன்னா கொஞ்சம் பயம். போன வருஷம் என் உருளைக்கிழங்குல அழுகல் விழுந்துச்சு, அதை மாமனார்கிட்ட சொல்லல."

பாதிரியார் மணப்பெண்ணைப் பார்த்தார். ஒதிலா முக்காட்டை விலக்கிக்கொண்டு, "எல்லாம் எனக்குத் தெரியும் சாமி, நீங்க மேல சொல்லுங்க, சாப்பாடு ஆறுது" என்றாள்.

அப்படிப்பட்ட மனிதர் தன் பாட்டுக்கு விவசாயம் செய்திருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. எங்கள் சங்கத்தில் சேர்ந்ததுதான் வினை. மலைச்சரிவில் ஒன்பது குடும்பங்கள், பூச்சிமருந்தும் ரசாயன உரமும் இல்லாமல் காய்கறி போடுகிறோம். எங்களுக்கு இயற்கை விவசாய முத்திரை கொடுப்பது எந்த அதிகாரியும் இல்லை. ஒருவர் தோட்டத்தை மற்றவர்கள் போய்ப் பார்த்து, ஒருவருக்கு ஒருவர் சாட்சி நிற்கிறோம். ஒருவர் ஒளித்தது வெளியே தெரிந்தால் ஒன்பது குடும்பத்துக்கும் முத்திரை போகும். முத்திரை போனால் நகரத்துச் சனிக்கிழமைச் சந்தையில் எங்கள் மேசை போகும். மேசை போனால் நான் என் கீரையை என் தலையில்தான் கொட்டிக்கொள்ள வேண்டும்.

இப்படி ஓர் ஏற்பாட்டில் செலிந்தோவுக்குக் கிடைத்த ஆனந்தத்தை நினைத்துப் பாருங்கள். தன் தப்பைச் சொல்வதற்கென்றே கூடுகிற கூட்டம். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும், பரங்கி அறுவடை முடிகிற சமயத்தில், நாங்கள் அவர் தோட்டத்துக்குப் பார்வையிடப் போகும்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். ஒரு வருடம் பல் விளக்கிக்கொண்டே தோட்டத்தில் நடந்தாராம், பற்பசை நுரை காரட் பாத்தியில் விழுந்துவிட்டதாம். அந்தப் பாத்தியைக் கயிறு கட்டி ஒதுக்கி வைத்திருந்தார். பற்பசையில் என்னென்ன இருக்கிறது என்று டியூபையும் கொண்டுவந்து காட்டினார். இன்னொரு வருடம் பல்வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை சாப்பிட்டுவிட்டு, ராத்திரி ப்ரோக்கோலி பக்கம் ஒன்றுக்குப் போய்விட்டாராம்.

எங்கள் சங்கத் தலைவர் அடெமார் பெரிய உடம்பும் சின்னப் பொறுமையும் உள்ளவர். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"எந்தச் செடி மேல செலிந்தோ?"

"இருட்டு. சரியா தெரியல."

"அப்ப விடு."

"எப்படி விடறது? தெரியலைன்னா முழு வரிசையும்தானே?"

அந்த மத்தியானம் பூராவும் ஒன்பது குடும்பம் ப்ரோக்கோலியைச் சுற்றி நின்று, மாத்திரை சிறுநீரில் எவ்வளவு இறங்கும் என்று பேசினோம். கடைசியில் வரிசையைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டோம். மாட்டுக்கு மாத்திரை ஆகுமா என்று அவர் அடுத்ததைத் தொடங்கியபோது, எங்கள் சங்கத்து நெல்சி கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இதெல்லாம் எங்களுக்குள் இருந்தவரை சரி. இந்த வருடம் முத்திரையைப் புதுப்பிக்கிற வருடம். அதற்கு வெளிச் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து பார்க்க வேண்டும். அந்த ஆளுக்கு வெளிக்கண் என்று பெயர். வரப்போகிறவள் பள்ளத்தாக்கு ரோசெலி என்று தெரிந்ததும் எங்கள் எல்லோர் முகமும் சுண்டிவிட்டது. தன் சொந்தத் தங்கை தோட்டத்தின் முத்திரையையே நிறுத்தி வைத்தவள் அவள். தங்கை இன்னும் கிறிஸ்துமஸுக்கு அவளை அழைப்பதில்லை என்று கேள்வி.

அடெமார் தன் களஞ்சியத்தில் அவசரக் கூட்டம் கூட்டினார். வந்தவர்கள் எல்லோரும் செலிந்தோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். செலிந்தோ கொட்டை வறுக்கிற அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, எங்கள் மலையில் அந்த மாதம் எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிற பைன் கொட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

அடெமார் சுற்றி வளைக்கவில்லை. "இங்க பாரு செலிந்தோ. அந்தம்மா முன்னால உன்னைப் பத்தி நீ எதையாவது சொன்னேன்னா, ஒரு வார்த்தை சொன்னாலும், நீ சங்கத்துல இல்ல. இதான் தீர்மானம். யார் யார் சம்மதம், கையைத் தூக்குங்க."

முதல் கை செலிந்தோவுடையது.

"ஏன் அண்ணே நீங்க தூக்கறீங்க?" என்றேன்.

"நியாயமான தீர்மானம் இவோனே. என்னால எல்லாருக்கும் கெடுதல் வரக் கூடாது" என்றார், வாயில் கொட்டையோடு.

எனக்கு அப்போது அவர் மேல் கோபம்தான் வந்தது. ஏனென்றால் வெளியே போனால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்துத் தோட்டக்காரி. சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்து, காரட்டை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி, தலை வாரி, சந்தை மேசைக்குப் பின்னால் நிற்பதற்குத்தான் அந்த மனிதர் வாரம் பூராவும் மூச்சு விடுகிறார். வாங்க வருகிறவர்களிடம் எந்தக் காரட் கொஞ்சம் நார் என்று அவரே எடுத்துக் காட்டுவார். அவர்களும் அந்த நார்க் காரட்டையே வாங்கிக்கொண்டு போவார்கள். ஒதிலாவும் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் என் காதுபட அவரிடம் சொன்னாள்: "நீ வெளிய போனா நான் நிலத்தை வித்துட்டு டவுன்ல மக வீட்டு பால்கனில போய் உக்காந்துருவேன். நீயும் வந்து அங்க தொட்டிச் செடிக்குத் துரோகம் பண்ணிட்டேன்னு மருமகன்கிட்ட சொல்லிக்கிட்டிரு."

செலிந்தோ நடந்தபடியே தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். அடுத்த இரண்டு வாரமும் தோட்டத்தில் தப்பே நடக்காமல் பார்த்துக்கொள்வதற்காக, வேலைக்குப் போகும்போது பையில் இருந்ததையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். மிட்டாய்த் தாள், தீப்பெட்டி, தலைவலித் தைலம் எல்லாம் ஜன்னலோரம் வரிசையாக இருந்தன. தும்மல் வந்தால் ஓடி ரோட்டுக்கு வந்து தும்மினார்.

பிறகு குளிர் வந்தது. முதல் உறைபனிக்கே பரங்கிக் கொடியின் இலைகள் கருகி விழுந்து, அதுவரை இலைக்குக் கீழே ஒளிந்திருந்த காய்களெல்லாம் வெளியே தெரிந்தன. நல்ல விளைச்சல். ஒதிலாவும் நானும் காம்போடு வெட்டி வெட்டிக் கொடுக்க, செலிந்தோ சக்கர வண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குத் தள்ளினார். சர்க்கரைவள்ளியைத் தோண்டி வெயிலில் போட்டோம். அடுத்த பாத்தியில் கசப்புக் கீரை சிவந்து நின்றது. அப்படி ஒரு மத்தியானத்தில் அவர் வண்டியை நடுவில் விட்டுவிட்டு, வேலிப்பக்கம் போய் அசையாமல் நின்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் வல்மோரின் தக்காளித் தோட்டம். வல்மோர் ஒதிலாவின் தம்பி. வாரம் தவறாமல் மருந்தடிக்கிறவன். அது காற்றில் வராமல் இருக்க, வேலி நெடுக ஆள் உயரத்துக்கு நேப்பியர் புல் வளர்த்து வைத்திருக்கிறோம். அந்தப் புல் வைப்பதற்கு முன்னால் ஒருமுறை அவன் மருந்து காற்றில் வந்து ஒதிலாவின் கீரையெல்லாம் வெளுத்துவிட்டது. ஆலயத் திருவிழாவில், இறைச்சி சுடுகிற இடத்தில், ஊர் பார்க்க அவள் அவனை விஷப்புட்டி என்றாள். உன் கீரை நத்தைக்குத்தான் ஆகும் என்று அவன் திருப்பிச் சொன்னான். அதோடு அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தி ஆறு வருடம். செலிந்தோ மட்டும் இரண்டு பக்கமும் பேசுவார்.

நான் பக்கத்தில் போனேன். அவர் தரையைக் காட்டினார். கருகிய இலைகளுக்கு நடுவே ஒரு கொடி மட்டும் பச்சையாக, என் கட்டைவிரல் கனத்தில், புல்லுக்குள் புகுந்து வேலிக்கு அடியில் அந்தப் பக்கம் போயிருந்தது.

"போய்க் காய்ச்சிருக்கு" என்றார்.

"அந்தப் பக்கமா?"

"பெருசு. நான் புல்லை விலக்கிப் பார்த்தேன். நம்ம தோட்டத்துல இந்த வருஷம் அவ்வளவு பெருசு இல்ல."

"சரி, அவனே எடுத்துக்கட்டும். நீங்க வண்டியைத் தள்ளுங்க அண்ணே."

"அப்படிச் சொல்லிட முடியுமா? வேர் இங்க இருக்கு. காய் மருந்து மண்ணுல உக்காந்திருக்கு. அங்கேருந்து ஏதாவது கொடி வழியா இங்க வந்துச்சுன்னா?"

நான் இடுப்பிலிருந்த கத்தியை உருவி நீட்டினேன். "அறுத்துடுங்க. இப்பவே. இந்தப் பக்கமே அறுத்துடுங்க, நான் பார்க்கல."

செலிந்தோ கத்தியை வாங்கிக்கொள்ளவில்லை. "பிள்ளை அங்க பொறந்துடுச்சு, தொப்புள்கொடியை அறுத்துட்டு எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்லச் சொல்றியா?"

"பரங்கிக்காயைத்தானே சொல்றீங்க?"

"வேற எதைச் சொல்றேன்?"

அன்று சாயங்காலமே அடெமாரிடம் ஓடினேன். அவர் வெளிறிவிட்டார். அந்த மனிதரை வெளிக்கண் வரும் நாளில் எங்கேயாவது அனுப்பிவிடலாமா என்று யோசித்தோம். உடம்பு சரியில்லை என்று படுக்க வைக்கலாம் என்றால், உடம்பு சரியாகத்தான் இருக்கிறது என்று ஜன்னல் வழியாகச் சொல்லுவார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். வாய்க்கு வேலை கொடுத்துக்கொண்டே இருப்பது. மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீர்க் குடுவை கைக்கு வந்தால், உறிஞ்சி முடித்துக் குழல் கரகரவென்று சத்தம் போடும்வரை எங்கள் பக்கம் யாரும் பேச மாட்டார்கள். போதும் என்று நன்றி சொல்லும்வரை குடுவை திரும்பத் திரும்ப வரும். அவரை நன்றி சொல்லவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் அடெமார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஃபாவெரோ இரட்டையர்கள், ஒரே தோட்டத்தை இரண்டு பேராகப் பார்க்கிற வாலிபர்கள், முன்னால் நடந்து வேலிப்பக்கம் மறைப்பார்கள்.

ரோசெலி காலையிலேயே பழைய வேனில் வந்து இறங்கினாள். ஒல்லி உடம்பு, ரப்பர் காலணி, வாயைத் திறக்காத முகம். மற்ற எட்டுத் தோட்டத்தையும் பார்த்துவிட்டு, செலிந்தோ தோட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். எட்டிலும் அவள் பாத்தியைக் கிளறினாள், மண்ணை முகர்ந்தாள், எருக்குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். எல்லா இடத்திலும் எல்லாம் சரியாக இருந்தது. அல்லது சரியாக இருப்பதாக நாங்கள் சொன்னோம்.

செலிந்தோ வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றார். அடெமார் ஓடிப்போய்க் குடுவையைக் கையில் திணித்தார். காரட் பாத்தி, கிழங்குப் பாத்தி, கசப்புக் கீரை, எல்லாவற்றையும் ஒதிலாதான் காட்டினாள். செலிந்தோ பின்னாலேயே குடித்துக்கொண்டே வந்தார். குழல் கரகரத்ததும் நான் வெந்நீர் ஊற்றினேன். மறுபடி கரகரத்தது, மறுபடி ஊற்றினேன். கொட்டகையில் அடுக்கியிருந்த பரங்கிக்காய்களை ரோசெலி தட்டிப் பார்த்து, முதல் தடவையாகத் தலையை ஆட்டினாள். எனக்கு உயிர் வந்தது. செலிந்தோவுக்கு வயிறு உப்பிக் கண் கலங்கியிருந்தது.

"நல்ல தோட்டம்" என்றாள் ரோசெலி. "அவ்வளவுதானே? வேற ஏதாவது சொல்ல இருக்கா?"

"ஒண்ணுமில்ல" என்றோம் நாங்கள் எல்லோரும் ஒரே குரலில்.

செலிந்தோ குடுவையை என்னிடம் நீட்டினார். "நன்றி இவோனே" என்றார்.

அவர் அடெமாரைப் பார்த்தார், பிறகு ஒதிலாவைப் பார்த்தார். ஒதிலா தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று. அந்த மனிதரின் முகத்தில் அவ்வளவு துக்கத்தை நான் பார்த்ததில்லை. அவருக்குத் தெரியும், வாயைத் திறந்தால் சனிக்கிழமை இல்லை, சங்கம் இல்லை, ஒருவேளை இந்த நிலமும் இல்லை.

"ஒரு காய் வேலி தாண்டியிருக்கு அம்மா" என்றார்.

அடெமார் கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டார்.

எல்லோரும் வேலிக்குப் போனோம். ஃபாவெரோ இரட்டையர்கள் மறைத்து நின்றதில் பயனில்லை. ரோசெலி இருவரையும் கதவைத் திறப்பதுபோல இரண்டு பக்கமும் விலக்கிவிட்டு, புல்லுக்குள் தலையை நுழைத்தாள். பிறகு, "இது என்ன?" என்றாள்.

நாங்களும் புல்லை விலக்கிப் பார்த்தோம். தக்காளிச் செடிகளுக்கு நடுவே, வட்டமாகப் பாத்தி கட்டி, வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பரங்கிக்காய் உட்கார்ந்திருந்தது. ஒரு குழந்தை ஏறி உட்காரலாம், அவ்வளவு பெரிது. அதற்கு மேலே, இரும்புக் குழாயில் கட்டி மண்ணில் நட்டு வைத்த ஒரு பெரிய குடை. பூச்சிமருந்துக் கடையில் வருடக் கடைசியில் இலவசமாகத் தருகிற மஞ்சள் குடை. அதில் 'உங்கள் பயிரின் காவலன்' என்று எழுதியிருந்தது.

மழை தூற ஆரம்பித்தது. அந்த இடத்தில் நனையாமல் இருந்தது பரங்கிக்காய் ஒன்றுதான்.

சத்தம் கேட்டு வல்மோர் தக்காளி வரிசைக்குள்ளிருந்து வந்தான். முதுகில் மருந்துத் தொட்டி, கழுத்தில் முகமூடி. எங்களைப் பார்த்ததும் குடைக்கு முன்னால் நின்றுகொண்டான், நாங்கள் பார்க்காதது போல.

"அந்தப் பக்க நிலத்துக்காரர்கிட்ட கேக்கணும், மருந்தடிச்சாரான்னு" என்றாள் ரோசெலி. "முத்திரை ஒதிலா பேருலயும் இருக்கு. அவங்களே கேக்கட்டும்."

ஒதிலா செலிந்தோவின் பக்கம் திரும்பினாள். "அவன்கிட்ட கேளு, மருந்தடிச்சானான்னு."

"நான் கேட்டா அது கைமாறின சேதி ஆயிடும்" என்றார் செலிந்தோ. "நீயே கேக்கறதுதான் முறை."

ஒதிலா அவரைப் பார்த்த பார்வைக்கு வேறு யாராவது செத்திருப்பார்கள். நாங்கள் எல்லோரும் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் பார்க்காமலே கேட்டாள்.

"டேய். மருந்தடிச்சியா?"

வல்மோர் முகமூடியைக் கழற்றினான். "அடிச்சேன் அக்கா."

"அது மேலயா?"

"அது மேல இல்ல. சுத்தி. மூணு வரிசை விட்டு." அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. "பூ விட்டப்பவே பார்த்தேன். உன் கொடின்னு தெரிஞ்சுது. இதுல ஒரு சொட்டு விழுந்தா நீ மறுபடி திருவிழாவுல ஏதாவது சொல்லுவே. அதான் மருந்தடிக்கிற நாள்ல குடை புடிச்சேன்."

"யாரு புடிச்சா?"

"நான்தான். இந்தக் கைல குடை, இந்தக் கைல மருந்துக் குழல். அப்புறம் கை வலிச்சுது, குழாய் நட்டேன்."

"மூளை இருக்காடா உனக்கு?"

"மச்சானும் அதான் கேட்டாரு" என்றான் வல்மோர்.

ஒதிலா மெதுவாகத் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் செலிந்தோ.

"எப்பத்துலேருந்து?"

"பிஞ்சுலேருந்து. குடை புடிச்சுக்கிட்டு நின்னான். பார்த்தேன். நம்ம கொடிதான் அங்க போயிருக்குன்னு பனிக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"காரட்ல எச்சி துப்பினதை ஊருக்கெல்லாம் சொன்னே. இதை என்கிட்ட சொல்லல?"

"அது என் தப்பு, சொன்னேன். இது அவன் விஷயம். அவன் சொல்றதுக்கு முன்னால நான் எப்படிச் சொல்றது?"

ரோசெலி காதைத் தீட்டிக்கொண்டாள். அவள் அருகே வந்து, "ஐயா, நம்ம ஏற்பாட்டுல அடுத்தவங்க தப்பையும் சொல்லணும். சாட்சி நிக்கறதுன்னா அதுதான். இந்த எட்டுக் குடும்பத்தைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றாள்.

நான் வருடங்களைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். அந்த மனிதர் யாரைப் பற்றியாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாரா? விடியற்காலையில் ரோட்டுக்கு ஓடி ஓடித் தும்முகிறவர், எங்கள் ஒவ்வொருவர் வேலியோரமும் தினமும் நடக்கிறவர். அவர் என்னென்ன பார்த்திருப்பார்?

"தெரியும்" என்றார் செலிந்தோ. "ஆனா அவங்ககிட்டயே கேளுங்க அம்மா. அவங்களே சொல்லுவாங்க."

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். தப்புச் செய்தவனுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று உள்ளே அரிக்கும், சமயம்தான் கிடைக்கவில்லை என்று எங்களைப் பற்றி இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதுதான் எங்களைக் கொன்றது.

அடெமார் இருமினார். "சவ்சவ் பந்தலுக்குக் கீழ எறும்பு மருந்துக் குருணை போட்டேன்" என்றார். "இலைவெட்டி எறும்பு. ஒரு ராத்திரில முழுப் பந்தலையும் மொட்டை அடிச்சுருச்சு. கொஞ்சமாத்தான் போட்டேன்."

"நாத்து நான் வளர்க்கலை" என்றாள் நெல்சி, யாரும் கேட்காமலே. "டவுன் நர்சரில வாங்கினேன். உரம் போட்ட நாத்து. அழகா இருந்துச்சு."

ஃபாவெரோ இரட்டையரில் ஒருவன் மருந்து கொடுத்து வளர்க்கிற கோழிப்பண்ணையில் எரு வாங்கியதைச் சொன்னான். உடனே மற்றவனும் அதையே சொன்னான். ஒரே எருதான், ஒரே வண்டிதான், ஆனாலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். பின்னால் நின்றவர்களும் ஆரம்பித்தார்கள். ஒருவர் பேச ஒருவர் குறுக்கே பேச, ரோசெலி "ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா" என்று கையை ஆட்டவேண்டியதாயிற்று. வல்மோர் வேலிக்கு அந்தப் பக்கம் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். என் முறை வந்தபோது மழை பலமாகப் பிடித்துவிட்டது. நான் சொன்னது யார் காதிலும் சரியாக விழுந்திருக்காது.

ரோசெலி தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறிவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். ஒளித்ததைத் தாங்களே சொல்லிவிட்டதால் ஒன்பது பேர் முத்திரையும் அடியோடு போகாது. சொன்னவர்கள் சரிசெய்துகொள்ளலாம், வசந்தத்தில் அவள் மறுபடி வருவாள். அதுவரை எட்டுக் குடும்பத்துக்கும் முத்திரை இல்லை. குடைக்குக் கீழே இருக்கிற காய் மருந்து மண்ணில் விளைந்தது, அது கணக்கில் வராது. இந்தப் பக்கத் தோட்டத்தில் ஒரு குறையும் இல்லை. முத்திரை உள்ள ஒரே தோட்டம் இதுதான். சந்தை மேசையைச் செலிந்தோ பெயரில் வைத்துக்கொண்டு, அவர் விளைச்சலை எல்லோரும் சேர்ந்து விற்று, மேசையைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

நாங்கள் பெருமூச்சு விட்டோம். செலிந்தோ மட்டும் விடவில்லை.

"அது முடியாது அம்மா" என்றார். "நான் இப்ப சங்கத்துல இல்ல. உங்க முன்னால வாயைத் திறந்தா வெளியன்னு தீர்மானம் போட்டிருக்கு. திறந்துட்டேன்."

"யோவ்" என்றார் அடெமார், அழாத குறையாக. "அதை யாருய்யா இப்ப கேட்டா?"

"தீர்மானம் தீர்மானம்தான். நானே கை தூக்கியிருக்கேன்."

வெளியே அனுப்பவேண்டியவர்களெல்லாம் உள்ளேயே நிற்க, உள்ளே இருக்கவேண்டியவர் வெளியே போகிறேன் என்று அடம்பிடிக்க, ரோசெலி என்னைப் பார்த்தாள். இவர் எப்போதும் இப்படித்தானா என்று கண்ணாலேயே கேட்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"சரி, மறுபடி கை தூக்குங்க" என்றார் அடெமார். "செலிந்தோ போகணும்கறவங்க யாரு?"

ஒரே ஒரு கை உயர்ந்தது. நனைந்த வெள்ளைச் சட்டைக் கை.

"இருக்கணும்கறவங்க?"

நாங்கள் எல்லோரும் தூக்கினோம். இரட்டையர்கள் ஆளுக்கு இரண்டு கையையும் தூக்கினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், முதுகில் மருந்துத் தொட்டியோடு, வல்மோரும் கையைத் தூக்கியிருந்தான்.

அடெமார் அவனைப் பார்த்தார். "வல்மோர், நீ சங்கத்துல இல்ல. உனக்கு ஓட்டு கிடையாது."

வல்மோர் கையை இறக்கப் போனான்.

"இறக்காதேடா" என்றாள் ஒதிலா. இந்த முறை அவனை நேராகப் பார்த்தாள். பிறகு அடெமாரிடம், "அவன் கையையும் எண்ணு" என்றாள்.

"ஒதிலா, அது முறையில்ல" என்றார் செலிந்தோ.

"நீ சும்மா இரு."

அடெமார் இந்தப் பக்கக் கைகளையெல்லாம் எண்ணி முடித்து, வேலிக்கு மேலே எட்டி, கடைசிக் கையையும் எண்ணினார். செலிந்தோ சும்மா இருந்தார்.